‘வாக் ஹார்ட்’ படத்தைப் பதினைந்து வயது மகன் பார்க்கலாமா?

கேள்வி
பதிவிட்டவர்: கிதார்க்காரனின் அப்பா

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்குப் பதினைந்து வயது நிறைந்துவிட்டது. ஓராண்டாகக் கிதார் பழகி வருகிறான். அதையொட்டி இசைக்கலைஞர்களின் வாழ்க்கையைச் சொல்லும் படங்களைத் தேடிப் பார்க்கும் ஆர்வமும் வந்திருக்கிறது. ரே சார்லஸைப் பற்றிய ‘ரே’ (2004), ஜானி கேஷைப் பற்றிய ‘வாக் தி லைன்’ (2005) ஆகிய இரண்டையும் நாங்கள் சேர்ந்தே பார்த்தோம். போதைப்பழக்கமும் மனைவிக்குச் செய்யும் துரோகமும் திரையில் வந்தபோதெல்லாம் நான் சற்று நெளிந்தேன் என்பது உண்மை. ஆனாலும், இவ்வளவு திறமை உள்ள மனிதர் ஏன் இப்படித் தன்னைத் தானே கெடுத்துக்கொண்டார் என்று அவனே கேட்டான். அன்றிரவு நெடுநேரம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

இப்போது 2007-இல் வெளிவந்த ‘வாக் ஹார்ட்: தி டூயி காக்ஸ் ஸ்டோரி’ படத்தைப் பார்க்க வேண்டும் என்கிறான். மேற்சொன்ன இரண்டு படங்களையும் கேலி செய்வதற்கென்றே எடுக்கப்பட்ட பகடி அது என்று அவனுடைய நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். தேடிப் பார்த்ததில், அமெரிக்காவில் அதற்கு ‘ஆர்’ சான்று கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. எனக்கு விளங்காத இடம் இதுதான்: போதையில் வீழ்ந்த மனிதர்களின் கதையை மெய்யாகவே, கண்ணீரோடு காட்டிய அந்த இரண்டு படங்களுக்கும் ‘பி.ஜி.-13’ சான்றுதான், அதாவது பதிமூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் பெற்றோருக்கு எச்சரிக்கை மட்டும் தரும் சான்றுதான், கிடைத்திருக்கிறது. அதே கதையை வேடிக்கையாகச் சொல்லும் படம் மட்டும் ஏன் அதைவிடக் கடுமையான வகைக்குள் வந்தது? வெறும் கெட்ட வார்த்தைகளுக்காக என்றால் அது எனக்குப் பெரிய பொருட்டல்ல. பள்ளி வளாகத்தில் அவன் கேட்காத வார்த்தை எதையும் திரைப்படம் புதிதாகச் சொல்லித்தரப் போவதில்லை. அதற்கு மேலும் ஏதேனும் இருந்தால், படத்தைப் பார்த்தவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள்.

மறுமொழி 1
பதிவிட்டவர்: கடைசி வரிசை

ஐயா, இந்தப் படத்தை மூன்று முறை பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். முதலில் சான்று பற்றி. கதை எதைப் பற்றியது என்பதைவிட, திரையில் எது எவ்வளவு வெளிப்படையாகக் காட்டப்படுகிறது, எந்த வசைச்சொல் எத்தனை முறை வருகிறது என்பதே அமெரிக்கத் தரநிர்ணயக் குழுவின் முடிவைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஒருவன் ஊசி போட்டுக்கொண்டு வாழ்க்கையை இழப்பதை, உடலை மறைத்துக் கண்ணியமாகப் படமெடுத்தால் ‘பி.ஜி.-13’-க்குள் அடங்கிவிடலாம், முழு நிர்வாணமும் தொடர்ச்சியான வசைச்சொற்களும் வந்துவிட்டால், படம் எவ்வளவு விளையாட்டுத்தனமானது என்றாலும் ‘ஆர்’ ஆகிவிடும். பாலியல் உள்ளடக்கம், வெளிப்படையான நிர்வாணம், போதைப்பொருள் பயன்பாடு, மொழி ஆகிய நான்கையும் காரணமாகக் காட்டித்தான் இந்தப் படத்துக்கு ‘ஆர்’ கொடுத்தார்கள்.

அந்த ‘ஆர்’ என்பதன் பொருளையும் நினைவில் கொள்ளுங்கள். பதினேழு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் பெற்றோருடனோ பொறுப்பான பெரியவருடனோ வந்தால் பார்க்கலாம் என்பதே அது. பிரிட்டனில் இதே படத்துக்கு ‘15’ சான்று. அங்கே பதினைந்து வயதுப் பையன் தனியாகவே திரையரங்குக்குள் போகலாம், பதினான்கு வயதுப் பையனைத் தந்தை கையைப் பிடித்து அழைத்து வந்தாலும் உள்ளே விட மாட்டார்கள். ஒரு நாட்டின் விதி பெற்றோரை நம்புகிறது, மற்றொரு நாட்டின் விதி வயதை நம்புகிறது. இரண்டில் எதை வைத்துப் பார்த்தாலும் உங்கள் மகன் எல்லைக்கோட்டின் மீதுதான் நிற்கிறான்.

இனி உள்ளே இருப்பது. ஜான் சி. ரைலி நடிக்கும் டூயி காக்ஸ் என்ற கற்பனைப் பாடகரின் வாழ்க்கை, சிறுவயதிலிருந்து 2007-இல் வாழ்நாள் சாதனைக்காகப் பாராட்டப்படும் மேடை வரை சொல்லப்படுகிறது. தொடக்கத்திலேயே, விளையாட்டாக வெட்டுக்கத்திச் சண்டை போடும் சிறுவன் தன் அண்ணனைத் தவறுதலாக இடுப்போடு இரண்டாக வெட்டிவிடுகிறான். மேல்பாதி நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கிறது. கேட்பதற்குக் கொடூரமாக இருந்தாலும், பார்க்கும்போது அது பொம்மை விளையாட்டுப் போலத்தான் தெரியும். அந்தக் காட்சியின் வேர் உங்கள் மகனுக்கு உடனே பிடிபடும்: ரே சார்லஸ் சிறுவனாக இருந்தபோது அவருடைய தம்பி துணி துவைக்கும் தொட்டியில் மூழ்கி இறந்தான், ஜானி கேஷின் அண்ணன் 1944-இல் மர அறுவை ஆலையில் நேர்ந்த விபத்தில் இறந்தார், இரண்டு படங்களும் அந்தச் சாவுகளை நாயகனின் வாழ்நாள் குற்றவுணர்வாக மாற்றின. ரே சார்லஸ் பார்வை இழந்ததற்கு இணையாக இங்கே டூயி மோப்ப சக்தியை இழக்கிறான். இவையெல்லாம் பதினைந்து வயதுக்குத் தாராளமாகப் பொருந்தும்.

பொருந்துமா என்று யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இசைப் பயணத்தின்போது விடுதி அறையில் கூட்டுக் களியாட்டம் முடிந்த மறுநாள், ஆணும் பெண்ணுமாக நிர்வாணமாகக் கிடக்கும் அந்த அறையில் தரையில் உட்கார்ந்தபடி டூயி தன் மனைவியுடன் தொலைபேசியில் பேசுகிறான். அவனுடைய முகத்துக்குப் பக்கத்தில், சட்டகத்துக்குள் தலை வராதபடி, ஒரு நிர்வாண ஆண் நின்றுகொண்டிருக்கிறான். கேமரா விலகுவதே இல்லை. விலகாததுதான் நகைச்சுவை. இதைத் தவிர, தேவாலயப் பற்றுள்ள டார்லீன் என்ற பாடகியும் அவனும் சேர்ந்து பாடும் ஒரு பாட்டு, முதல் வரி முதல் கடைசி வரி வரை இரட்டை அர்த்தத்தால் கட்டப்பட்டது. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த பையனுக்கு எதுவும் தப்பாது.

மறுமொழி 2
பதிவிட்டவர்: ஓய்வுபெற்ற ஆசிரியை

கேள்வி கேட்டிருக்கும் தம்பிக்கு வணக்கம். மேலே எழுதியவர் நிர்வாணக் காட்சியை முன்னிறுத்தியிருக்கிறார்; என் கவலை அது அல்ல. உடலை வெளிச்சத்தில், அசிங்கமாக, ஆசை எழாத விதத்தில் காட்டும் காட்சி விடலைப் பருவத்தினரைக் கூச்சப்படுத்துமே ஒழியக் கெடுத்துவிடாது. அரைகுறையாக மறைத்து, இசை போட்டு, ஏக்கத்தோடு காட்டும் படங்கள்தான் அந்த வயதில் அதிகம் பாதிக்கின்றன என்பது பல ஆண்டுகள் வகுப்பறையில் இருந்த என் எண்ணம்.

நான் தயங்குவது போதைப்பொருள் நகைச்சுவையிடம். டூயியின் இசைக்குழுவில் சாம் என்ற தாளக்கலைஞர் இருக்கிறார். ஒவ்வொரு காலகட்டத்திலும் அவர் மூடிய கதவுக்குப் பின்னால் ஏதோ ஒரு போதைப்பொருளோடு இருப்பார்; டூயி கதவைத் திறப்பான்; இதன் பக்கமே வராதே என்று அவர் எச்சரிப்பார். அந்த எச்சரிக்கைக்குள்ளேயே, இதனால் அடிமையாக மாட்டாய், மறுநாள் தலை வலிக்காது, செலவும் குறைவு என்று ஒவ்வொரு நன்மையாக அடுக்குவார். முதலில் கஞ்சா, பிறகு கொக்கெய்ன், பிறகு மாத்திரை என்று பொருள் மாறுமே தவிர உரையாடலின் அச்சு மாறாது. எழுத்து என்ற அளவில் இது மிகக் கெட்டிக்காரத்தனமான காட்சி. வாழ்க்கை வரலாற்றுப் படங்கள் போதையைக் கண்டிப்பது போலக் காட்டிக்கொண்டே அதன் கவர்ச்சியை விற்கின்றன என்ற உண்மையை இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கண்டனம் பகடியைப் பகடியாக வாசிக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே கேட்கும். தெரியாத பிள்ளையின் காதில் விழுவது சாமின் பட்டியல் மட்டும்தான். பின்னர் வரும் மறுவாழ்வு மையக் காட்சிகளும் போர்வை வேண்டும், போர்வை வேண்டாம் என்ற வேடிக்கையாகவே முடிந்துவிடுவதால், துன்பத்தின் எடை எங்கேயும் இறங்குவதில்லை.

நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கு காரணங்களைத் தொல்காப்பியம் சொல்கிறது. இந்தப் படத்தில் எள்ளலின் இலக்கு ஒன்று, பேதைமையின் இடம் வேறொன்று. எள்ளப்படுவது அந்த வகைத் திரைப்படங்கள். பேதைமை டூயியிடம் இருக்கிறது. விடலைப் பிள்ளைகள் பேதைமையைக் கண்டு உடனே சிரித்துவிடுவார்கள், எள்ளலைத் தவறவிடுவார்கள். அப்படித் தவறவிட்டால் எஞ்சுவது, எத்தனை பெண்களை ஏமாற்றினாலும் கடைசியில் கைதட்டல் பெறும் ஒருவனின் கதை. பதினான்கு வயது டூயி பன்னிரண்டு வயது ஈடித்தோடு வீட்டை விட்டுப் போய்த் திருமணம் செய்துகொள்கிறான். அந்த வேடங்களில் முழுக்க வளர்ந்த நடிகர்களையே போட்டிருப்பதுதான் வேடிக்கை. அந்தக் காலத்துப் பாடகர்கள் சிலரின் மணவாழ்க்கையை அது குத்துகிறது என்பது வரலாறு தெரிந்தவருக்குப் புரியும். ஈடித்தை விவாகரத்து செய்யாமலே டார்லீனையும் மணக்கிறான். கைவிடப்பட்ட மனைவி பிள்ளைகளோடு வீட்டிலிருந்து சலித்துக்கொள்ளும் அந்தப் பாத்திரம் கூடப் பகடிதான். ஆனால் பெண் என்றால் முட்டுக்கட்டை அல்லது பரிசு என்ற மூலப் படங்களின் அச்சை இந்தப் படம் கேலி செய்துகொண்டே தானும் பயன்படுத்திக்கொள்கிறது. அதற்கு நான் மதிப்பெண் குறைப்பேன்.

இன்னும் ஒன்று. கறுப்பின மக்கள் கூடும் இரவு விடுதியில், உடல்நிலையால் பாட முடியாமல் போன பாடகருக்குப் பதிலாக வெள்ளையினத்து டூயி மேடையேறி, கறுப்பினத்தவர் தன்னைப் பற்றிப் பாடும் பாட்டை அப்படியே பாடுகிறான். கறுப்பினக் கலைஞர்களின் இசையை எடுத்துக்கொண்டு வெள்ளையினப் பாடகர்கள் புகழ் பெற்றதைக் குத்தும் காட்சி அது. பின்னணி தெரியாத பிள்ளைக்கு அது வெறும் இனக் கேலியாகத் தெரியலாம். எதிர்ப்புப் பாடகராக டூயி மாறும் கட்டத்தில் குள்ளமான மனிதர்களுக்காகப் பாடுவதாக வரும் பாட்டிலோ, குத்தப்படுவது பாடகரின் பொய்யான பெருந்தன்மைதான் என்றாலும், சிரிப்பு அந்த மனிதர்களின் மீதும் சிந்துகிறது. இரண்டு ஆண்டுகள் பொறுங்கள் என்பதே என் ஆலோசனை.

மறுமொழி 3
பதிவிட்டவர்: தாளக்காரன்

ஆசிரியை அம்மா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். முடிவை மட்டும் ஏற்க முடியவில்லை. நான் இந்தப் படத்தைப் பதினாறு வயதில், நண்பன் வீட்டில், கதவைத் தாழிட்டுக்கொண்டு பார்த்தவன். அப்போது நான் ‘ரே’ படத்தையும் பார்த்ததில்லை, ‘வாக் தி லைன்’ படத்தையும் பார்த்ததில்லை. அம்மா அஞ்சுவது போலவே சாமின் பட்டியலுக்கும் விடுதி அறைக்கும் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தோம். சில ஆண்டுகள் கழித்து, மூலப் படங்களைப் பார்த்துவிட்டு மறுபடி பார்த்தபோதுதான், முன்பு நாங்கள் சிரிக்காமல் கடந்துபோன இடங்களில்தான் படத்தின் உயிர் இருக்கிறது என்று தெரிந்தது. மேடையேறுவதற்கு முன் ஒருவன் தன் முழு வாழ்க்கையையும் நினைத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்ற சட்டம், எதிரே நிற்பவரின் முழுப்பெயரையும் புகழையும் உரையாடலிலேயே அறிவித்துவிடும் செயற்கைத்தனம், அப்பாவின் ஒரு வாக்கியம் ஆயுள் முழுவதும் துரத்துவது, இப்படி ஒவ்வொன்றும். பீட்டில்ஸ் குழுவினர் இந்தியாவில் மகரிஷியின் ஆசிரமத்தில் இருக்கும் காட்சியில் நால்வரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிச் சொல்லியே பேசுவார்கள். அது ஏன் சிரிப்பு என்று பதினாறு வயதில் எனக்குத் தெரியாது.

ஆகவே இங்கே முதன்மையானது வயது அல்ல, வரிசை என்பது என் வாதம். கேள்வி கேட்டவரின் மகன் மூலப் படங்கள் இரண்டையும் தந்தையோடு பார்த்து, அவற்றைப் பற்றிப் பேசியும் இருக்கிறான். என்னைப் போன்ற நூறு பையன்களுக்குக் கிடைக்காத தயாரிப்பு அது. அப்படிப்பட்டவனை இரண்டு ஆண்டுகள் காத்திரு என்றால், அடுத்த வாரமே அவன் நான் பார்த்தது போலப் பார்த்துவிடுவான்.

இசையையும் யாரும் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். ரைலி எல்லாப் பாடல்களையும் தானே பாடினார். தலைப்புப் பாடலும் அவருடைய நடிப்பும் கோல்டன் குளோப் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டன. ராக் இசையும் நாட்டுப்புறக் கண்ட்ரி இசையும் கலந்த ஐம்பதுகளின் ராக்கபில்லி, பாப் டிலனின் பாணியில் பொருள் விளங்காத உருவகப் பாட்டு, ஒலிப்பதிவுக் கூடத்தில் நாள்கணக்கில் அடைந்து கிடந்து பெரிய வாத்தியக் குழுவோடு வதைபடும், பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன் பாணி என்று ஒவ்வொரு பத்தாண்டின் ஒலியையும் அந்தந்தக் காலத்து அமைப்போடு செய்திருக்கிறார்கள். கேலிக்காகச் செய்த பாட்டு நல்ல பாட்டாகவும் இருக்க வேண்டும் என்பதைக் கிதார் பழகும் பையன் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் கற்றுக்கொள்ள முடியாது.

ஆனால் ஐயா, ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. ‘பெற்றோருடன் பார்க்கலாம்’ என்று விதி சொல்கிறது. உலகிலேயே பெற்றோருடன் பார்க்கவே கூடாத படம் இதுதான்! அந்தத் தொலைபேசிக் காட்சியில் நீங்களும் உங்கள் மகனும் ஒரே சோபாவில் இருந்தால், இருவரும் சுவரைத்தான் பார்ப்பீர்கள். நீங்கள் முதலில் தனியாகப் பாருங்கள். பிறகு அவன் தனியாகப் பார்க்கட்டும். பேச்சை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால், 2022-இல் வந்த ‘வியர்ட்: தி அல் யாங்கோவிக் ஸ்டோரி’ இருக்கிறது. டேனியல் ராட்க்ளிஃப் நடித்தது, அதுவும் இசைக்கலைஞர் வாழ்க்கைப் படங்களின் பகடிதான், ‘டி.வி.-14’ தரம், அதாவது பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குப் பொருந்தாமல் போகலாம் என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தரம். வன்முறையும் போதை மயக்கமும் அதிலும் உண்டு என்றாலும், நிர்வாணத் தொல்லை இல்லை. சிரிப்பு இதைவிடச் சற்று வீட்டுக்கு அடங்கியது.

மறுமொழி 4
பதிவிட்டவர்: கிதார்க்காரனின் அப்பா

மூவருக்கும் நன்றி. சாம் என்ற பாத்திரத்தைப் பற்றி அம்மா எழுதியதைப் படித்ததும், ‘ரே’ படத்தில் அந்தப் பழக்கம் தொடங்கும் காட்சியை நாங்கள் பார்த்தது நினைவுக்கு வந்தது. அப்போது என் மகன், இசைக்குழுவினர் ரேயை உள்ளே விடாமல் இருந்ததுதான் அவருக்கு ஆசையைக் கிளப்பிவிட்டது என்று சொன்னான். அதே விஷயத்தைத்தான் இந்தப் படம் கேலியாகச் சொல்கிறது என்றால், அவன் புரிந்துகொள்வான் என்று தோன்றுகிறது.

இரண்டு ஐயங்கள் மிஞ்சுகின்றன. அவனுடைய தங்கைக்குப் பதிமூன்று வயது. அண்ணன் பார்ப்பதையெல்லாம் தானும் பார்க்க வேண்டும் என்று நிற்பவள். மேலும், இந்தப் படத்துக்கு இரண்டு வடிவங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். எதைப் பார்ப்பது?

மறுமொழி 5
பதிவிட்டவர்: கடைசி வரிசை

தங்கைக்கு வேண்டாம், ஐயா. இதில் இரண்டாவது யோசனைக்கு இடமில்லை. அவளுக்கு அந்த ‘ரே’ படமே போதும்.

வடிவங்களைப் பொறுத்தவரை, திரையரங்கில் வந்தது 96 நிமிடம். பின்னர் டிவிடியில் தரச்சான்று பெறாத நீண்ட வடிவம் ஒன்று வந்தது. அது 120 நிமிடம். தாங்க முடியாத நீளம், தற்பெருமை என்று அதன் பெயரிலேயே தங்களைத் தாங்களே கேலி செய்துகொண்டார்கள். அந்தக் கேலி முற்றிலும் நியாயமானது. மேலே நாங்கள் எழுதிய வயதுக் கணக்கெல்லாம் 96 நிமிட வடிவத்துக்கு மட்டுமே பொருந்தும். ஓட்டத் தொடங்கும் முன் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 6
பதிவிட்டவர்: ஓய்வுபெற்ற ஆசிரியை

தாளக்காரத் தம்பி வரிசை என்று சொன்னதை இரண்டு நாள்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்தப் பிள்ளையின் விஷயத்தில் என் இரண்டு ஆண்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் படம் பார்த்த பிறகு அவனிடம் எது பிடித்தது என்று கேட்காதீர்கள். எந்த இடத்தில் எதைக் கேலி செய்தார்கள் என்று கேளுங்கள். இரவு விடுதிப் பாட்டைப் பற்றிக் கண்டிப்பாகக் கேளுங்கள். அதற்கு அவனால் பதில் சொல்ல முடியவில்லை என்றால், ரே சார்லஸ் காலத்தில் கறுப்பினக் கலைஞர்களின் நிலை என்ன என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்ல நல்ல வாய்ப்பு அது.

மறுமொழி 7
பதிவிட்டவர்: கிதார்க்காரனின் அப்பா

நேற்றிரவு எல்லோரும் உறங்கிய பிறகு 96 நிமிட வடிவத்தைத் தனியாகப் பார்த்து முடித்தேன். தொலைபேசிக் காட்சியில், பக்கத்தில் யாரும் இல்லாதபோதும், கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். தாளக்காரத் தம்பி சொன்னது மெய். ஆனால் டூயி கடைசி மேடையில் பாடும்போது, அது பகடி என்று தெரிந்தும், கண் கலங்கிவிட்டது. இதை ஒருவரும் எச்சரிக்கவில்லையே!

வார இறுதியில் மகனிடம் கொடுக்கப் போகிறேன். தங்கையை அன்று மாலை நான் வெளியே அழைத்துப் போய்விடுவேன். இரவு விடுதிக் கேள்வியைக் குறித்து வைத்திருக்கிறேன் அம்மா. அவன் என்ன சொன்னான் என்பதை இங்கே வந்து எழுதுகிறேன்.